லியாண்டரின் பெயரை யாரும் சொல்லவில்லை

கன்னர்ஸ் பைட்,
நியூஃபவுண்ட்லாந்து
நவம்பர் 18

அன்புள்ள லியாண்டர் அண்ணனுக்கு,

தங்கை எஃபி எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனிக்கட்சி நடத்துகிறது. உங்கள் மச்சான் ஹெட்லியும் சுகம். சாப்பிடுகிறார், தூங்குகிறார், நடுவில் கொஞ்சம் குறட்டை. வினி அண்ணிக்குச் சளி விட்டதா?

உங்கள் கடிதம் வந்தது. எவ்வளவு அழகாக டைப் அடித்திருந்தது! கடைசியில் "அன்பு முத்தங்கள்" என்று இருந்ததைப் பார்த்து ஹெட்லி, "இது உங்க அண்ணன் குடுத்ததா, ஆபீஸ்ல டைப் அடிக்கிற அந்தம்மா குடுத்ததா?" என்று கேட்டார். எனக்கே சந்தேகம்தான்.

ரேடியோவில் ஒரு வாரமாக நீங்கள் மந்திரியாக இருக்கிற இலாகாவைப் பற்றித்தான் பேச்சு. ரோடு போட்ட கான்ட்ராக்டர் மந்திரிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தானாம், விசாரணைக் கமிஷன் உட்காரப் போகிறதாம். ப்ளாஞ்ச் கடையில் அது ஓடிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போனேன். அத்தனை பேரும் ஒரே மூச்சில் காற்று எந்தத் திசை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? எங்கண்ணனைத் திட்டணும்னா திட்டுங்க, நானும் ரெண்டு சேத்துக்கிறேன்" என்றேன்.

"போடி, லியாண்டரை யாரு திட்டுவா? இந்த ரோட்டையும் படகுத்துறையையும் யாரு போட்டது?" என்றாள் ப்ளாஞ்ச். நல்ல வார்த்தைதான். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மாவு மூட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

வாத்துக்குளத்தில் உங்கள் கோடை வீட்டைப் போன வருஷம் ஹெட்லிதான் கட்டினார். பலகை, கண்ணாடி, ஹெட்லியின் கூலி எல்லாமே அந்தக் கான்ட்ராக்டரின் லாரியில்தான் வந்தது. குளத்துக்குப் போகிற ஒரே ரோடு ஊர் நடுவில் போகிறது, எல்லார் வீட்டு ஜன்னலும் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. இதுவரை ஒருத்தரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிற்பாடு நீங்கள் கான்ட்ராக்டருக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள்தானே அண்ணா? ஒரே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில்.

ரொட்டி தீய்கிறது, போகிறேன்.

உங்கள் எஃபி


செயின்ட் ஜான்ஸ்
டிசம்பர் 10

அன்புத் தங்கை எஃபிக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும். வினிக்குச் சளி விட்டுவிட்டது. நீ கேட்டபடி என் கையாலேயே எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் என்னைக் குறை சொல்லாதே.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. வசந்தத்தில் தேர்தல் வைக்கலாம் என்று முதல்வர் நினைக்கிறார். பத்திரிகைகள் போடுகிற கூச்சலைக் கண்டு பயப்படாதே. இதைவிடப் பெரிய புகார்களோடு இரண்டு முறை ஜெயித்திருக்கிறோம். கட்சி ஆட்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்: நகரத்தில் நாலைந்து தொகுதி போகலாம், கடலோரம் அசையாது. முதல்வர் ஒரு விஷயம் சொன்னார், யோசிக்க யோசிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஜனங்கள் ஊழலுக்கு எதிராக ஓட்டுப் போடுவதில்லையாம், ஒரு முகத்துக்கு எதிராகத்தான் போடுவார்களாம். ஊழலுக்கு ஒரு முகம் கிடைக்காதவரை ஆளுங்கட்சிக்கு ஆபத்தில்லை.

ஹெட்லி மச்சானுக்கு என் அன்பைச் சொல். கோடை வீட்டு வேலைக்கு நான்தான் என் கையால் அவருக்குக் கூலி கொடுத்தேன். அது அவருக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் நீ ஞாபகப்படுத்து.

முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு.

அன்புடன்,
லியாண்டர்


கன்னர்ஸ் பைட்
ஜனவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் உங்களுக்கும் அண்ணிக்கும் நல்லபடியாகப் பிறந்திருக்கும். எங்களுக்கும் பிறந்தது, கொஞ்சம் கோணலாக.

நீங்கள் மச்சானுக்குச் சொல்லச் சொன்னதை வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய் விறகு பிளந்தார். பிளந்த விறகே மலைபோல் கிடக்கிறது, அதன் மேல் நின்று பிளந்தார்.

கிறிஸ்துமஸ் மறுநாள் வேஷக்காரர்கள் வந்தார்கள். டவுனுக்குப் போன பிறகு முறையெல்லாம் மறந்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். சாக்கு, பாவாடை, கந்தல் கோட்டு, முகத்தில் ஜன்னல் சீலை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கீச்சுக் குரலில் பேசுவார்கள். யார் என்று நாம் கண்டுபிடித்துப் பேர் சொன்னால் சீலையைத் தூக்கிவிட்டு, கேக்கும் ஒரு மடக்கு ரம்மும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். போன வருஷம் ப்ளாஞ்சை அவள் பின்பக்கத்தை வைத்தே சொன்னேன். இந்த வருஷம் நாலு தலையணை கட்டிக்கொண்டு வந்தாள், அப்படியும் சொன்னேன். அது தலையணைக்கு அடங்குகிற விஷயமா!

ஒவ்வொருத்தராகச் சொல்லிச் சொல்லி எல்லாரும் சீலையைத் தூக்கிவிட்டார்கள். ஒரு ஆள் மட்டும் பாக்கி. நீளமான சாம்பல் நிறக் கோட்டு, தொப்பி, முகத்தில் லேஸ் சீலை. நீங்கள் உட்காரும் நாற்காலியில், போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் இருக்கிற அத்தனை ஆம்பிளை பேரும் சொன்னேன். அசையவில்லை. விளையாட்டுக்கு வயிற்றில் குத்தினேன். கை தலையணைக்குள் போனது, போய்க்கொண்டே இருந்தது. நான்தான் வெளியே எடுத்துக்கொண்டேன்.

"யாருடி இந்தாளு, உங்ககூட வந்தாரே?" என்று ப்ளாஞ்சைக் கேட்டேன்.

"எங்ககூடவா? நாங்க உள்ள வரும்போதே இங்க உக்காந்திருந்தாரு. உங்க வீட்டு ஆளுன்னு நெனச்சோம்" என்றாள்.

ஹெட்லி அந்த நேரம் முழுக்க அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பேர்கூடச் சொல்லவில்லை. அந்த ஆள் கேக்கைத் தொடாமல் எழுந்து போனார். நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். அப்படி நடக்கிற ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

அண்ணா, ரகசியமாக வந்தீர்களா? வந்திருந்தால் சொல்லுங்கள், உங்கள் பங்கு ரம்மைப் பத்திரமாக நானே குடித்துவிட்டேன்.

எஃபி


செயின்ட் ஜான்ஸ்
ஜனவரி 17

எஃபிக்கு,

நலம். நான் எங்கேயும் வரவில்லை. அன்றைக்கு முதல்வர் வீட்டு விருந்தில் இருந்தேன். என் சாம்பல் கோட்டு இங்கே அலமாரியில் தொங்குகிறது, உன் கடிதம் வந்ததும் போய்ப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.

எவனோ எதிர்க்கட்சிப் பயல் என் நடையைப் பழகிக்கொண்டு விளையாடுகிறான். நீ இடம் கொடுக்காதே. இந்தக் கதையை ஊரில் சொல்லித் திரியாதே.

கமிஷன் பிப்ரவரியில் ஹெட்லியைக் கூப்பிடும் போலிருக்கிறது. வக்கீல் ஒருவரை அனுப்புகிறேன். மச்சான் அவரோடு உட்கார்ந்து பேசட்டும்.

லியாண்டர்


கன்னர்ஸ் பைட்
ஜனவரி 30

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு ஒன்றும் இல்லை. ஹெட்லி பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார். நேற்று என் கேலிக்குக்கூடக் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயம்.

வழக்கம்போல உங்களுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லை. "லியாண்டருக்கு இல்லாம வேற யாருக்குப் போடுவோம் எஃபி?" என்று டீ கொடுக்கிறார்கள், கரும்புப்பாகு பன் கொடுக்கிறார்கள். கோட்டுப் பொத்தான் போட முடியாத அளவுக்கு வயிறு. நம் ஊரில் வாசலில் நிற்பவரிடம் இல்லை என்று சொல்கிற பழக்கம் எப்போது இருந்தது? இருபது வருஷமாக இந்த ஆமாம்களை எண்ணித்தான் உங்களுக்கு எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை ஒவ்வொரு ஆமாமும் கையில் ஐஸ்கட்டி வைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. டீ ஊற்றிக்கொண்டே பேசுவார்கள்: "லியாண்டர் எவ்வளவு நல்லா சிரிச்சவரு." "லியாண்டருக்கு என் ஊறுகாய்னா உசுரா இருந்துச்சு, பாவம்." சிரிச்சவரு, இருந்துச்சு, எல்லாமே நடந்து முடிந்த மாதிரி. ஒரு வீட்டில் என் கையைப் பிடித்து, "நீ தைரியமா இருக்கணும்" என்றார்கள். "ஏன், எங்கண்ணன் உசுரோடதான இருக்காரு!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒரு சட்டி மீன் கறியை மூடிக் கையில் கொடுத்தனுப்பினார்கள். சாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போல. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசல் படியில் இன்னும் மூன்று சட்டி.

கோபப்படாமல் படியுங்கள். ஜனவரி ஆறோடு வேஷம் முடிய வேண்டும், அதற்குப் பிறகு யாரும் முகத்தை மூடிக்கொண்டு வரக் கூடாது. அந்த சாம்பல் கோட்டு இன்னும் வருகிறது. பட்டப்பகலில், ஓட்டுக் கேட்க வருகிற மாதிரி வரிசையாக வீடு வீடாக. கதவைத் தட்டுகிறார், முறை முறைதான் என்று உள்ளே விடுகிறார்கள், உட்காருகிறார். ப்ளாஞ்ச் பக்கத்தில் நின்று பார்த்தாளாம். வாய் இருக்கும் இடத்தில் சீலை ஆடவே இல்லையாம்.

"நீ என்ன பேரு சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பா பேரு."

"உங்க சித்தப்பா செத்து ஏழு வருஷமாச்சேடி."

"அதுக்கென்ன, ஏதோ ஒரு பேரு சொல்லணுமே" என்று மூட்டையைப் பார்த்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வீட்டிலும் தப்பான பேர்தான் சொல்லியிருக்கிறார்கள் அண்ணா. தேடித் தேடித் தப்பான பேர்.

வக்கீல் வந்தார். ஹெட்லி அவருக்கு டீ கொடுத்தார். அவ்வளவுதான் கொடுத்தார்.

எஃபி


செயின்ட் ஜான்ஸ்
பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் பரவாயில்லை, தூக்கம்தான் சரியில்லை.

தேர்தல் மார்ச் 21 என்று அறிவித்துவிட்டார்கள். மனுத் தாக்கல் செய்துவிட்டேன். போஸ்டர்கள் அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வரும். இந்த முறை யாருடைய முகமும் இல்லை, பெயர் மட்டும்தான், கட்சியின் தீர்மானம். பிரித்துப் பார்த்துப் பயப்படாதே.

இனி நேராகவே எழுதுகிறேன். ஹெட்லியைக் கமிஷன் பிப்ரவரி 25 அன்று கூப்பிடுகிறது. கூலியை நான் என் கையால் கொடுத்தேன் என்று அவர் பைபிளில் கை வைத்து ஒரு வரி சொன்னால் போதும், நான் வெளியே வந்துவிடுவேன். நான் வந்தால் கட்சியும் வந்துவிடும். சொல்லாவிட்டால் நான் மட்டும் போக மாட்டேன், கடலோரம் முழுக்கச் சரியும் என்று முதல்வரே சொல்கிறார். நம் ஆட்சி போனால் பனி வாரும் வண்டி ஓட்டுகிற வேலை மச்சானுக்கு இருக்குமா? புதிதாக வருகிறவன் முதல் வாரமே தன் ஆளை ஏற்றிவிடுவான். அது உனக்குத் தெரியாததா?

உடனே பதில் எழுது.

அன்புடன்,
லியாண்டர்


செயின்ட் ஜான்ஸ்
பிப்ரவரி 19

எஃபி,

பதில் இல்லை. தபால் தாமதமா, நீ தாமதமா?

நேற்று ஒன்று நடந்தது. சட்டசபை வாசலில் நிற்கும் காவலாளி, இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் கதவு திறக்கிறவர், என்னை நிறுத்தி, "ஐயா, நீங்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார், நடுவில் ஏதோ மறைக்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் விட்டார். வினியும் காலையில் காபி கொடுக்கும்போது ஒரு நொடி தயங்குகிறாள்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அந்த ஆள் இன்னும் வருகிறாரா? மச்சானைச் சொல்ல வை எஃபி. உன்னால் முடியும்.

லியாண்டர்


கன்னர்ஸ் பைட்
பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை அதை உண்மையாகவே கேட்கிறேன்.

இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தால் கேலிதான் வந்தது, கேலி பண்ணுகிற விஷயமாக இல்லை, மூடி வைத்துவிட்டேன்.

போஸ்டர் வந்தது. கம்பத்துக்குக் கம்பம் நானே கட்டினேன். வெள்ளைக் காகிதத்தில் உங்கள் பேர் மட்டும். கல்லறையில் இருப்பதைவிடப் பெரிய எழுத்து.

நேற்று பிற்பகல் ஹெட்லி டவுனுக்குப் போக நல்ல சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். சமையலறைக் கதவை யாரோ தட்டினார்கள். சாம்பல் கோட்டு உள்ளே வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தது. ஹெட்லிக்கு நேர் எதிரே. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி அடுப்புக்குப் பக்கத்திலும் உருகவில்லை.

வழக்கம்போல இல்லாத பேராகச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது பேர் சொல்லும்போது ஹெட்லி, "நிறுத்து எஃபி" என்றார். இரண்டு வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஏன், உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். இந்த அடுப்படியில ஒரு பேரைச் சொல்ல நமக்கு வாய் வரல. நாளைக்கு பைபிள் மேல கைய வெச்சு நான் மட்டும் என்னத்தச் சொல்லப்போறேன்? உங்கண்ணன் எழுதிக் குடுத்ததத்தான் சொல்லுவேன். சொல்லிட்டு வந்து இதே ஆளுக்கு எதிர்ல தெனமும் உக்காந்து சாப்பிடுவேன்."

"வேலை போயிடுமேங்க."

"போகட்டும். நீ சொல்லு. நான் சொன்னா பகையாயிடும். கூடப் பொறந்தவ நீ சொல்லு."

அண்ணா, சொல்லிவிட்டேன். சின்ன வயதில் சாப்பிடக் கூப்பிடும்போது அம்மா கத்துவாளே, அந்த மாதிரி முழுப் பேரும் வந்துவிட்டது. "லியாண்டர் ஹிஸ்காக், அது நீதான்." உங்களை நீ என்று சொன்னதற்கு மன்னிக்க வேண்டும்.

சீலை மேலே போனது. உங்கள் முகம்தான். ஈரமாக இருந்தது, பனியாகவும் இருக்கலாம். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

முறைப்படி கேக் கொடுத்தேன். பல நாள் பட்டினி கிடந்த மாதிரி தின்றது. ரம்மையும் குடித்தது. பிறகு எழுந்து சமையலறைக் கதவுப் பக்கம் போகாமல் முன்கதவுக்குப் போனது. நம் வீட்டு முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும்தானே. அம்மாவைக் கொண்டுபோன பிறகு திறக்காமல் பெயின்டில் ஒட்டிக்கிடந்த கதவு, தொட்டதும் திறந்துகொண்டது. ஹெட்லி பஸ்ஸுக்குப் போகும்போது அதே கதவை மூட முயன்று பார்த்தார், இன்றைக்கும் சரியாக மூடவில்லை.

அவர் அங்கே என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. என்னால் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். முடிந்தது இவ்வளவுதான்.

எஃபி


செயின்ட் ஜான்ஸ்
மார்ச் 3

அன்புள்ள எஃபி,

நான் நலமா என்று கேட்டிருந்தாய். பதில் எனக்கே தெரியவில்லை. ஆனால் நேற்று அந்தக் காவலாளி பெயர் சொல்லி வணக்கம் வைத்தார்.

நீ எழுதிய அந்தப் பிற்பகலில் முதல்வர் அறையில் இருந்தேன். மறுநாள் கமிஷன் முன்னால் என்ன சொல்வது என்று வக்கீல் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பின்னால் அம்மா கூப்பிட்டாள். அப்படித்தான் தோன்றியது. முழுப் பெயரும் சொல்லி. திரும்பினேன், சுவர்தான் இருந்தது. மேஜையில் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் என் வாயில் பழக்கேக்கின் ருசி, எஃபி. தொண்டையில் ரம் இறங்கிய சூடு. முதல்வர், "என்ன லியாண்டர், உடம்பு சரியில்லையா?" என்றார். அதற்குப் பிறகு ஒப்பித்த வரி ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் வந்தது.

மறுநாள் ஹெட்லி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அந்த நல்ல சட்டையில். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அவருக்கு முன்னால் நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டைப் பற்றிச் சொன்னேன். மற்ற மந்திரிகளின் வீடுகளைப் பற்றியும், யார் சொல்லி யாருக்கு எந்த ரோடு போனது என்பதையும் சொன்னேன். பிறகு ஹெட்லியைக் கூப்பிடத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

எல்லாப் பத்திரிகையிலும் என் முகம்தான். முதல்வர் பயந்த முகம் கிடைத்துவிட்டது. கட்சி அலுவலகத்தில் என்னோடு யாரும் பேசுவதில்லை. கடலோரம் கலகலத்துவிட்டதாம், தினம் ஒரு தொகுதியைக் கணக்கிலிருந்து அடிக்கிறார்களாம். வேட்பாளர் பெயரை எடுக்கிற தேதி தாண்டிவிட்டதால் ஓட்டுச் சீட்டில் என் பெயர் இருக்கும். நீ இனி வீடு வீடாகப் போகாதே. போஸ்டரைக் கழற்றிவிடு.

மச்சானின் வேலைக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

லியாண்டர்


கன்னர்ஸ் பைட்
மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். ஹெட்லி இரண்டு தட்டு சாப்பிட்டு, மூன்றாவதற்கு என்னைப் பார்க்கிறார். பனி வாரும் வண்டியில் புதுப் பையன் வந்துவிட்டான். முதல் நாளே படகுத்துறையில் கிடந்த பெஞ்சை இடித்தான். ஹெட்லிக்கு அதில் ஒரு சந்தோஷம், நான் பார்த்தேன்.

ரேடியோவில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆட்சி போய்விட்டது. எப்படியும் நம்முடையதுதான் என்று போன தேர்தலில் நாம் எண்ணியே பார்க்காத இடமெல்லாம் போய்விட்டது. விளம்பரத்தில் முகமே இல்லாத கட்சிக்கு ஜனங்கள் உங்கள் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். நம் வளைகுடாவும் போனது. அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர்ப் பெட்டியில் உங்களுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

மறுநாள் காலையிலிருந்து என் சமையலறையில் கூட்டம். ஒவ்வொருத்தராக வந்து, டீயை உறிஞ்சிவிட்டு, காதோடு சொல்கிறார்கள்: "எஃபி, யார்கிட்டயும் சொல்லாத. அந்த ஒரு ஓட்டு என்னுதுதான்." ஜென்மம் முழுக்க எதிர்க்கட்சிக்குப் போட்ட கிழவர்கூட வந்து சொன்னார். "அப்படியா, ரொம்ப நன்றி" என்று எல்லாருக்கும் பன் கொடுத்தேன். ஹெட்லி ராத்திரி படுக்கும்போது, "எஃபி, அது என்னுது" என்றார். அவருக்கும் ஒரு பன் கொடுத்தேன்.

ப்ளாஞ்ச்தான் ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் பேரைக் குறித்தவள். அவள் கடைசியாக வந்தாள். இந்தத் தடவை மூட்டை எதையும் தேடாமல் என்னைப் பார்த்தாள்.

"எஃபி, உள்ள வந்த ஆளுங்களைவிடப் பெட்டியில ஒரு சீட்டு அதிகம்டி. மூணு தடவ எண்ணிட்டோம்."

"எவளாவது ரெண்டு போட்டிருப்பா."

"சீட்டை ஒவ்வொண்ணா நான்தான் கிழிச்சுக் குடுத்தேன். எல்லாம் சரியா இருக்கு. அந்த ஒண்ணு மட்டும் நான் குடுக்காதது. லியாண்டருக்குப் போட்டது அதுதான். ஈரமா இருந்துச்சு, மேல மட்டும் உருகாத பனி."

டவுனிலிருந்து வந்த அதிகாரியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளட்டும், நல்லதுதானே.

வாங்க அண்ணா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்க. டவுனில் இனி உங்களுக்கு என்ன இருக்கிறது? இங்கே எல்லாரும் வாசலில் நின்று கை கொடுப்பார்கள், லியாண்டர் நல்லா சிரிக்கிறாரு என்பார்கள். உங்களுக்கு ஓட்டுப் போட்டதாக ஒவ்வொரு வீட்டிலும் சத்தியம் பண்ணுவார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்தல் அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். பெட்டியில் இருந்த அந்த ஒன்று ஊரில் யாருடையதும் இல்லை என்றால் இன்னும் ஒரு கணக்கு மீதி இருக்கிறது, அதை நீங்களும் என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் மற்றவர்களைப் போல எனக்குப் பொய் சொல்ல வராது.

பஸ் ஏறும் முன் ஒரு வரி எழுதுங்கள், உப்பு மீனை முன்னாடியே ஊற வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஓட்டுப் போடாத தங்கை,
எஃபி